பீரோவில் கிடக்கும் பிஸ்டல்: ஸ்பிரிங் தேடும் முன் லைசென்ஸைத் தேடுங்கள்

விக்கிரமங்கலம் வட்டார மக்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

விக்கிரமங்கலம், ஸ்ரீபுரந்தான், உடையார்பாளையம் பக்கத்துப் பழைய குடும்பங்களில் துப்பாக்கி லைசென்ஸ் இருந்தது அதிசயமில்லை. உடையார்பாளையமும் அரியலூரும் ஜமீன்களாக இருந்த ஊர்கள். நிலம் நீச்சு வைத்திருந்தவர்கள், பட்டாளத்துக்குப் போய்வந்தவர்கள், பர்மா, மலாயா என்று கப்பலேறித் திரும்பியவர்கள் எல்லாம் இந்த வட்டாரத்தில் உண்டு. அவர்கள் வைத்திருந்தவற்றில் பெரும்பாலானவை பயிர்க்காவலுக்கான நீளத் துப்பாக்கிகள். எங்கோ ஒரு வீட்டில் மட்டும், பெயர்கூடத் தெரியாத வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி ஒன்று இருக்கும். வைத்திருந்த பெரியவர் காலமானதும் அது பிள்ளைகள் கைக்கு வருகிறது. பல வீடுகளில் அது முழுதாகக்கூட இருப்பதில்லை. எண்ணெய் போடுவதற்காகப் பிரித்தவர் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார். ஒரு ஸ்பிரிங் தொலைந்திருக்கும், பிடியில் ஒரு பக்கம் உடைந்திருக்கும்.

இதைச் சரிசெய்ய முடியுமா, பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள், வைத்திருப்பதே சட்டப்படி சரியா என்பதை இரண்டாவதாகத்தான் கேட்கிறார்கள். கீழே உள்ள விளக்கங்கள் அந்த வரிசையை மாற்றிச் சொல்கின்றன.

அப்பா இறந்து காரியம் முடிந்து பீரோவைத் திறந்தால், ஒரு பிஸ்டல் பாகம் பாகமாக டப்பாவில் கிடக்கிறது. லைசென்ஸ் புத்தகம் அப்பா பெயரில். முதலில் என்ன செய்ய வேண்டும்?

மாட்டிப் பார்க்காதீர்கள். இது முதல் வேலை. கூடவே தோட்டாக்கள் இருந்தால் தனியாக வைத்துப் பூட்டுங்கள். துப்பாக்கி முழுதாக இருந்து, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று தெரியாவிட்டால், தொடாமல் அறையைப் பூட்டிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். மேகசினைக் கழற்றிவிட்டாலே துப்பாக்கி காலியாகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். பேரலின் பின்புறம் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். உலகெங்கும் வீட்டுக்குள் நடந்த எத்தனையோ சாவுகளுக்கு அந்த ஒற்றைத் தோட்டாதான் காரணம்.

லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுத்தது, வீட்டுக்குக் கொடுத்ததில்லை. அவர் இறந்ததும் அந்த லைசென்ஸ் உங்களைக் காக்காது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, வைத்திருக்கும் உரிமை எந்தக் காரணத்தால் முடிந்தாலும், வீண் தாமதம் இல்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. விக்கிரமங்கலத்துக்காரர்களுக்கு உள்ளூர்க் காவல் நிலையமே போதும். லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துப் போங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். அதில் தயாரிப்பாளர் பெயர், போர் அளவு (குழலின் உள்விட்டம்), வரிசை எண், எத்தனை தோட்டா, எந்தெந்தப் பாகங்கள் தனியாக உள்ளன என்று எல்லாம் எழுதியிருக்க வேண்டும். கடைசி விவரத்தை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். பின்னால் ஸ்லைடு எங்கே, மேகசின் எங்கே என்று கேள்வி வரும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

ஒப்படைத்தால் போனது போனதுதான் என்ற பயம் தேவையில்லை. சட்டப்படி உரிமை பெற்ற வாரிசு அதைத் திரும்பப் பெறலாம், அல்லது வாங்கத் தகுதியுள்ளவருக்கு விற்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. விதிகள் குறிக்கும் காலம் தாண்டியும் யாரும் கேட்கவில்லை என்றால்தான் அரசுடைமை ஆகும்.

எதற்கு வம்பு என்று கொள்ளிடத்தில் போட்டுவிடலாமா?

வேண்டவே வேண்டாம். அந்தத் துப்பாக்கியின் எண் ஆட்சியர் அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றோ ஒரு நாள் விசாரணை வரும். ஆற்றில் போட்டேன் என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்? தண்ணீர் வற்றும் காலத்தில் அது வேறொருவர் கையில் கிடைத்தால் நிலைமை இன்னும் மோசம். பயந்து ஒளித்த குடும்பங்களைவிட, தாமதமானாலும் தானாகப் போய் ஒப்படைத்த குடும்பங்களின் நிலை எப்போதும் மேல்.

பாகம் பாகமாகத்தானே கிடக்கிறது? அதுவும் துப்பாக்கியா?

சட்டத்தின் பார்வையில் ஆமாம். 2-ஆம் பிரிவு ஆயுதம் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே ஆயுதங்களின் பாகங்களும், ஆயுதம் செய்யும் இயந்திரங்களும் சேர்ந்திருக்கின்றன. டப்பாவில் பிரிந்து கிடக்கும் பிஸ்டலும் பிஸ்டல்தான்.

இதற்கு இரண்டு விலக்குகளை 45-ஆம் பிரிவு தருகிறது. இரண்டையும் பாதி மட்டும் படித்துவிட்டுத் தவறாகப் புரிந்துகொள்கிறவர்கள் அதிகம்.

ஒன்று, வழக்கொழிந்த வகையைச் சேர்ந்த, அல்லது பழம்பொருள் மதிப்புள்ள, அல்லது பழுதான ஆயுதம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைச் சுடும் ஆயுதமாகப் பயன்படுத்த முடியாது என்றிருக்க வேண்டும். ஒரு ஸ்பிரிங் இல்லாததால் சுடாமல் இருக்கும் பிஸ்டல் இதில் வராது. ஸ்பிரிங் போட்டால் சுடும் அல்லவா? பழுதாகி இருபது வருஷம் ஆச்சு சார் என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காமல் போவது இதனால்தான். பழுது பார்க்கக்கூடியதா என்பதை நிபுணர்தான் சொல்ல முடியும். நாமாக முடிவு செய்ய முடியாது.

இரண்டாவது, ஆயுதங்களின் சிறு பாகங்கள். உங்களிடமோ வேறு எவரிடமோ உள்ள மற்றப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாதவரைதான் இந்த விலக்கு. நாட்டு மருந்துக் கடைக்காரர் எடைக்கல்லாக வைத்திருக்கும் பழைய இரும்புத் துண்டுக்கு இது பொருந்தலாம். வீட்டில் பாதி பிஸ்டலை வைத்துக்கொண்டு மீதிப் பாதிக்குப் பாகம் தேடுகிறவருக்கு இது அறவே பொருந்தாது. தேடுவதே சேர்ப்பதற்காகத்தானே.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதற்கான தண்டனையை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டியிருக்கிறது. குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அதோடு அபராதம். இன்னது என்று அறிந்து தன் வசம் வைத்திருந்தாரா என்பதை உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் முக்கியமாகப் பார்த்திருக்கிறது. அறியாமல் வீட்டில் கிடந்தது வேறு. கண்டுபிடித்த பிறகும் மறைத்து வைத்தது வேறு. டப்பாவைத் திறந்து பார்த்த நாளிலிருந்து உங்கள் பொறுப்பு தொடங்குகிறது.

அது என் பெயருக்கு வர வழி உண்டா?

உண்டு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 25-ஆம் விதி வாரிசுகளைப் பற்றியது. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு அவருடைய சட்டப்படியான வாரிசுக்கு லைசென்ஸ் தரலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் இடமுண்டு: அவருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது அவரே ஒரு வாரிசைக் குறிப்பிடலாம். இது பலருக்கும் தெரிவதில்லை. வயதான லைசென்ஸ்தாரர் உள்ள வீடுகள் இதை இப்போதே யோசிப்பது நல்லது. அவர் போன பிறகு அண்ணன் தம்பிகளிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குவது எல்லா வீட்டிலும் சுலபமாக இருப்பதில்லை.

விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்கு. அரியலூர் 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டமாகிவிட்டது. பழைய லைசென்ஸ் புத்தகத்தில் பெரம்பலூர் அல்லது திருச்சி மாவட்ட முத்திரை இருந்தால் குழம்ப வேண்டாம், கடைசியாக எங்கே புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று, பத்திரமாக வைக்கும் வசதி இருப்பதற்கான உறுதிமொழி ஆகியவை தேவைப்படும். காவல் துறை அறிக்கை வந்த பிறகே ஆட்சியர் முடிவெடுப்பார். லைசென்ஸ் விவரம் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஏறி, தனி அடையாள எண் கிடைத்திருக்க வேண்டும். பழைய கையெழுத்துப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எண் வாங்காமலே விட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். அப்பாவின் லைசென்ஸில் அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஏற்கெனவே உங்களிடம் இரண்டு துப்பாக்கி இருந்தால் மூன்றாவது கிடையாது. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் மூன்றை இரண்டாகக் குறைத்தது. பரம்பரைச் சொத்து என்பதற்காக இந்த வரம்பில் தளர்வு இல்லை.

அது என்ன பிஸ்டல் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

இதில் அவசரப்பட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். துப்பாக்கி மேல் பொறித்திருக்கும் பெயர் செய்தவர் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் மதராஸ் பி. ஓர் அண்டு சன்ஸ், ஓக்ஸ் அண்டு கம்பெனி போன்ற கடைகள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தருவித்துத் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. லைசென்ஸ் புத்தகத்தில் எழுதிய குமாஸ்தா கண்ணில் முதலில் பட்ட பெயரை எழுதியிருப்பார். அதை நம்பிப் பாகம் தேடினால் இல்லாத கம்பெனியைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நம்பத்தக்கது பரிசோதனை முத்திரை. ஐரோப்பிய நாடுகளில் துப்பாக்கி விற்பனைக்கு வரும் முன் கூடுதல் மருந்து ஏற்றிச் சுட்டுச் சோதித்து முத்திரை குத்துவது வழக்கம். பெல்ஜியத்தின் லீஜ் நகரில் அதற்கென 1672-லேயே நிலையம் தொடங்கிவிட்டார்கள். நீள்வட்டத்துக்குள் இ, எல், ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அது லீஜ் முத்திரை. 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்துத் தயாரிப்பான பிரௌனிங் பிஸ்டல்தான். இப்படி இங்கிலாந்து, பெல்ஜியம், ஜெர்மனி, ஸ்பெயின், பிரான்ஸ், செக் நாடு என்று பல இடத்துப் பிஸ்டல்கள் அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன.

அடுத்தது போர் அளவு. இந்தியாவில் தனியார் கையில் இருக்கும் வெளிநாட்டுப் பிஸ்டல்களில் .32 தான் அதிகம். ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 மி.மீ., .38, .455 போன்ற அளவுகள் தடைசெய்யப்பட்ட போர் என்று ஒதுக்கப்பட்டதால் பொதுமக்கள் வாங்கியது .32, .25, .22 அளவுகளையே. உங்கள் வீட்டுப் பிஸ்டல் 9 மி.மீ. என்று தெரிந்தால், அது ஆட்சியர் தரும் சாதாரண லைசென்ஸ் விஷயம் இல்லை. மத்திய உள்துறை வரை போகும், தண்டனையும் பல மடங்கு கடுமை. அதை வைத்துக்கொண்டு யோசிக்காமல் அன்றே ஒப்படையுங்கள்.

.32 என்று தெரிந்துவிட்டால் முடிந்ததா என்றால், இல்லை. பிஸ்டலுக்கான .32 ஏசிபி தோட்டாவும் ரிவால்வருக்கான .32 ஸ்மித் அண்டு வெஸ்ஸன் லாங் தோட்டாவும் வேறு வேறு. ஒன்றுக்கு ஒன்று மாற்றாக ஆகாது. .32 ஏசிபியின் ஐரோப்பியப் பெயர் 7.65 மி.மீ. பிரௌனிங். ஆனால் 7.65 என்ற எண் பொறித்த துப்பாக்கிகளில் லூகரும் உண்டு. அதன் 7.65 பாராபெல்லம் தோட்டா நீளத்திலும் வேகத்திலும் முற்றிலும் வேறானது. பழைய பிஸ்டலில் வெறும் 7.65 என்று மட்டும் பொறித்திருந்தால் துப்பாக்கிக் கலை தெரிந்தவர்தான் பிரித்துச் சொல்ல முடியும். பெட்டியில் கிடந்த தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு உரியதுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக வரிசை எண். காந்தியடிகளைச் சுட்ட பெரெட்டா பிஸ்டலின் எண் 606824. அந்த இத்தாலியப் பிஸ்டலைப் பற்றி இன்றும் யார் எழுதினாலும் அந்த எண்ணைக் குறிப்பிடுகிறார்கள். ஒரு துப்பாக்கியின் வரலாறு முழுவதும் அந்த எண்ணில்தான் தொங்குகிறது. துருவைத் தேய்க்கிறேன் என்று உப்புத்தாள் போட்டு எண்ணை அழித்துவிடாதீர்கள். எண் இல்லாத துப்பாக்கி எவரிடம் இருக்கிறதோ அவரே அழித்ததாகச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில்.

லைசென்ஸ் சரியாக இருக்கிறது. ஆனால் ஒரு சிறிய ஸ்பிரிங்கும் மேகசினும் எங்கேயும் கிடைக்கவில்லை. ஏன்?

1980-களின் நடுப்பகுதியிலேயே தனியார் துப்பாக்கி இறக்குமதிக்குக் கதவு அடைபட்டுவிட்டது. வெளிநாட்டில் குடியிருந்து திரும்புகிறவர்கள், பெயர் பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்கள் என்று சிலருக்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு. துப்பாக்கியே வராதபோது அதன் பாகங்கள் எங்கிருந்து வரும்? அந்தக் காலத்தில் வந்தவற்றைச் செய்த கம்பெனிகளிலும் பல இப்போது இல்லை. ஸ்பெயினில் பெயர்போன ஸ்டார், அஸ்த்ரா இரண்டும் 1997-இல் மூடப்பட்டன.

கம்பெனி இருந்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. முதல் உலகப் போர்க் கதை அதை நன்றாகக் காட்டும். 1915-இல் பிரெஞ்சு ராணுவத்துக்குக் கைத்துப்பாக்கி போதவில்லை. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் எய்பார் வட்டாரத்தில் கபிலோந்தோ என்ற நிறுவனம் பிரௌனிங் வடிவத்தைத் தழுவி ரூபி என்ற .32 பிஸ்டலைச் செய்துகொண்டிருந்தது. மாதம் 10,000 வேண்டும் என்று ஆர்டர் வந்தது. பிறகு அந்த எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. ஒரு நிறுவனத்தால் முடியவில்லை. அக்கம்பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் இறங்கின. பார்வைக்கு எல்லாம் ரூபிதான், ஆனால் ஒவ்வொரு பட்டறையின் அளவும் மயிரிழை வித்தியாசம். ஒருவர் பிஸ்டலின் மேகசின் இன்னொருவர் பிஸ்டலில் ஏறவில்லை. போர்முனையில் இது உயிர்ப் பிரச்சினை. கடைசியில் எந்தப் பட்டறைத் தயாரிப்பு என்று அடையாளம் காணத் துப்பாக்கியிலும் மேகசினிலும் எழுத்துக் குறிகள் குத்த வேண்டியதாயிற்று.

நூறு வருஷத்துக்குப் பிறகு அரியலூர் மாவட்டத்தில் ஒரு வீட்டில் கிடக்கும் பிஸ்டலும் அதே தலைமுறையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அந்தக் காலத்தில் பாகங்களை அரம் வைத்து அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே தேய்த்துப் பொருத்தினார்கள். அதே கம்பெனி, அதே மாடல், அதே வருஷம் என்றாலும் ஒரு பிஸ்டலின் கொக்கி மற்றொன்றில் நேராக உட்கார்வதில்லை. தச்சர் இழைத்துப் பொருத்திய பழைய கதவை வேறு நிலைவாசலில் மாட்டப் பார்ப்பது போன்ற வேலை அது.

ஜெயங்கொண்டத்தில் நல்ல லேத் பட்டறை இருக்கிறது. ஒரு பின் மட்டும் கடைந்து தரச் சொன்னால் என்ன?

உங்களையும் அந்தப் பட்டறைக்காரரையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வீர்கள். ஆயுதம் செய்வது, பழுது பார்ப்பது, மாற்றி அமைப்பது, சோதிப்பது எல்லாவற்றுக்கும் 5-ஆம் பிரிவின்படி தனி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாமல் செய்தால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் தண்டனை வரை போகலாம். லேத் பட்டறைக்காரர் தன் தொழிலில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த லைசென்ஸ் அவரிடம் இருக்காது. என்ன பின் என்று சொல்லாமல் கடையச் சொல்வது அவருக்குச் செய்யும் துரோகம். எந்தத் தப்பும் அறியாத ஒரு தொழிலாளியின் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக்கில் பாகம் செய்வதற்கும் இதே சட்டம்தான்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், உடம்புக்கு ஆபத்து. அளவு பிசகிய ஒரு பின் அல்லது தளர்ந்த ஸ்பிரிங் இருந்தால், விசையைத் தொடாமலே வெடிக்கலாம், ஸ்லைடு முழுதாக மூடும் முன்னே தோட்டா வெடித்துப் பின்னால் சிதறலாம். முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் நடக்கிற விஷயம் அது.

பையன் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கிருந்து வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லலாமா? ஆன்லைனில் வாங்கலாமா?

இரண்டும் கூடாது. கடல், தரை, ஆகாயம் எந்த வழியாக ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டுவந்தாலும் 10-ஆம் பிரிவின்படி லைசென்ஸ் வேண்டும். ஆயுதம் என்பதில் பாகமும் அடக்கம் என்பதை மேலே பார்த்தோம். சுங்கவரிப் பட்டியலிலும் பிஸ்டலுக்கு 9302, பாகங்களுக்கு 9305 என்று தனித்தனி எண்களே இருக்கின்றன. கூரியர் பொட்டலத்தில் மெஷின் ஸ்பேர் என்று எழுதி அனுப்பினால் அது தவறான அறிவிப்பு என்ற இன்னொரு குற்றமாகவும் சேரும். அமெரிக்காவில் கடையில் தாராளமாகக் கிடைக்கும் பொருள் என்பதால் சென்னை விமான நிலையத்திலும் அப்படியே விடுவார்கள் என்று நினைப்பது பெரிய தப்பு.

சிங்கப்பூர் இன்னும் கடுமை. அங்கே சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் நீண்ட சிறையோடு பிரம்படியும் உண்டு. வேலைக்குப் போன பிள்ளையிடம் இப்படி ஒரு வேலையைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

அப்படியானால் சட்டப்படி பாகம் கிடைக்க ஒரு வழியும் இல்லையா?

இருக்கிறது. குறுகலான வழி. விற்பனைக்கும் பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் பெற்ற வியாபாரிகள் சென்னை போன்ற நகரங்களில் இருக்கிறார்கள். துப்பாக்கியை, பிரிந்து கிடக்கும் எல்லாப் பாகங்களோடும் லைசென்ஸோடும் அவர்களிடம் எடுத்துப் போக வேண்டும். வயதானவரோ உடம்பு முடியாதவரோ என்றால் இன்னொருவர் கொண்டுபோகவும் சட்டத்தில் இடமுண்டு. பழுது பார்க்கவோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ, லைசென்ஸ்தாரர் கூடவே இருக்கும்போது அல்லது அவர் எழுத்தில் தந்த அதிகாரத்தோடு, லைசென்ஸ் இல்லாதவரும் கொண்டுபோகலாம் என்று 3-ஆம் பிரிவே சொல்கிறது. அந்தக் கடிதத்தில் துப்பாக்கி எண், போகும் இடம், காரணம், தேதி எழுதிக் கையெழுத்திடுங்கள். தோட்டாவைத் துப்பாக்கியோடு ஒரே பையில் வைக்காதீர்கள். பிஸ்டலைத் துணியில் சுற்றிப் பேருந்து இருக்கைக்கு மேல் வைத்துவிட்டுத் தூங்கிவிடுகிற மாதிரி பயணமும் வேண்டாம்.

வியாபாரி முதலில் பழைய இருப்பைப் பார்ப்பார். இல்லாவிட்டால் அதே மாடலில் சுட முடியாத நிலையில் விற்பனைக்கு வந்த இன்னொரு துப்பாக்கி இருக்கிறதா என்று மற்ற வியாபாரிகளிடம் விசாரிப்பார். அரிதான மாடல் என்றால் இதற்கு மாதங்கள் ஆகலாம், வருஷமும் ஆகலாம். ஸ்பிரிங், சிறு பின் போன்றவற்றை லைசென்ஸ் உள்ள கைவினைஞர் செய்து பொருத்த முடியும். மேகசின்தான் மிகவும் சிரமம். அதன் வாய்ப்புற மடிப்பு சற்றே பிசகினாலும் தோட்டா ஏறாது. பிடியின் ஓடு உடைந்திருந்தால் கவலை இல்லை, அது அழகும் பிடிமானமும் சார்ந்தது மட்டுமே.

எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பேரலோ எண் பொறித்த சட்டகமோ மாறுவதென்றால் அது வெறும் ரிப்பேர் இல்லை. ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரியாமல் அதைச் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். சரியாகிவிட்டதா என்று சுட்டுப் பார்க்க வேண்டியது அந்த வியாபாரி, அதற்குரிய இடத்தில். வயல்காட்டில் ஒரு தடவை வானத்தைப் பார்த்துச் சுட்டுப் பார்ப்பது, கல்யாண வீட்டில் சுடுவது போன்றவற்றுக்கு 2019 திருத்தம் 2 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வைத்திருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்வது தேவையா?

தற்காப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வேண்டும் என்று ஆட்சியரே ஏற்றுக்கொண்ட ஒருவருக்கு, பாகம் கிடைக்காத நூறு வயதுப் பிஸ்டல் உதவாது. அவசரத்தில் அது வேலை செய்யும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. கான்பூர் படைக்கலத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், அசானி .32 பிஸ்டல் போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகளுக்குப் பாகமும் தோட்டாவும் இங்கேயே கிடைக்கின்றன. தாத்தாவின் நினைவு என்பதற்காக மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்றால் அது சுட வேண்டிய அவசியமே இல்லை. நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்து வைப்பதைப் பற்றி லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமும் ஆட்சியர் அலுவலகத்திலும் கேளுங்கள். அதையும் நீங்களாக வீட்டில் செய்யக் கூடாது. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் சுடாத துப்பாக்கிதான் நல்ல நினைவுப்பொருள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேண்டாம் என்றால்?

லைசென்ஸ் பெற்ற வியாபாரிக்கோ, அந்த வகைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் உள்ள தனியாருக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவித்து விற்கலாம். பாகம் இல்லாத பிஸ்டலையும் வியாபாரிகள் வாங்குவதுண்டு. உங்களுக்குக் கிடைக்காத ஸ்பிரிங்கைத் தேடிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கு உங்கள் பிஸ்டலின் மற்றப் பாகங்கள் உதவும். விற்க மனமில்லாவிட்டால் அரசிடமே ஒப்படைத்துவிடலாம். வரலாற்று மதிப்பு இருப்பதாகத் தோன்றினால் அருங்காட்சியகத்தைக் கேட்டுப் பாருங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன.

நூறு ஆண்டு கடந்த பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழும் வரக்கூடும். அதை நம் விருப்பப்படி வெளிநாட்டுக்கு விற்க முடியாது. பக்கத்து ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலியாவுக்கு விற்கப்பட்டு 2014-இல் திரும்பி வந்ததை இந்த வட்டாரம் மறந்திருக்காது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் நல்ல விலை தருகிறார் என்று இடைத்தரகர் எவராவது வந்தால் கதவைத் திறக்காதீர்கள்.

தேர்தல் சமயத்தில் ஒப்படைத்த துப்பாக்கி எப்போது திரும்பக் கிடைக்கும்?

முடிவு அறிவித்து ஒரு வாரம் வரை கட்டுப்பாடு நீடிப்பது வழக்கம். பிறகு ரசீதைக் காட்டித் திரும்பப் பெறலாம். வாங்கும்போது எண்ணையும் மேகசினையும் அங்கேயே சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள்.

வாரிசு லைசென்ஸ் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். இனி?

நிராகரிக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். நீங்கள் கேட்டால் அதன் சுருக்கத்தைத் தர வேண்டும் என்றும், பொதுநலனுக்குக் கேடு என்று கருதினால் மட்டும் தராமல் இருக்கலாம் என்றும் 14-ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் அந்தக் காரணத்தை எழுதிக் கேட்டு வாங்குங்கள். காவல் துறை அறிக்கையில் பிழையா, வாரிசுகளுக்குள் தகராறா, போர் அளவு தவறாகப் பதிவாகியிருக்கிறதா என்பது அதில் தெரியும். மேல்முறையீடு செய்ய 18-ஆம் பிரிவு உரிமை தருகிறது. அதற்குக் கால வரம்பு உண்டு என்பதால் உத்தரவு கையில் கிடைத்த தேதியைக் குறித்து வைத்து, உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். மேல்முறையீடு முடியும் வரை துப்பாக்கியும் அதன் பாகங்களும் காவல் நிலையத்திலோ வியாபாரியிடமோதான் இருக்க வேண்டும். ஸ்பிரிங் ஒன்றுகூட வீட்டில் தங்கியிருக்கக் கூடாது. டப்பாவை இன்னொரு முறை தட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.